விளையாட்டுத் துவக்கும் வினைத் துவக்கும்

துப்பாக்கி என்பது ஏட்டுச் சொல். வன்னியில் அதற்குத் துவக்கு என்றே பெயர். குளத்தை நம்பி வயல் செய்து, காட்டுக்கு அஞ்சி இரவெல்லாம் காவலிருந்த கமக்காரனுக்கு அது முதலில் மண்வெட்டியையும் கத்தியையும் போன்ற ஒரு தொழிற் பொருளாகவே அறிமுகமாயிற்று. மருந்தையும் சன்னத்தையும் குழல் வாயால் இட்டு இடித்துச் சுடும் இடியனும், பன்றி வரும் தடத்தில் கம்பி இழுத்துக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கும் அக்காலத்தின் அடையாளங்களாம். கட்டுத்துவக்குக்கு ஆள் எது, பன்றி எது என்னும் பேதம் தெரியாது. தடத்தில் கால் வைத்தவர் யாராயினும் அது வெடிக்கும். பின்னர் வந்த துவக்கு ஆளையே தேடி வந்தது. முப்பது ஆண்டுகள் அது வன்னியின் வீதிகளில் நடமாடி 2009ஆம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்கால் மணலில் ஓய்ந்தது. இன்று மூன்றாவதாக ஒரு துவக்கு அங்கே புகுந்துள்ளது. அதற்கு மருந்து வேண்டாம், சன்னம் வேண்டாம். கைத்தொலைபேசியின் கண்ணாடித் திரையில், விரல் நுனியின் கீழ், அது ஓயாது வெடித்துக்கொண்டிருக்கின்றது.

இம்மூன்றாவது துவக்குக்கும் இரண்டாவது துவக்குக்கும் உறவு உண்டா என்பதே ஆராய்தற்குரிய வினா. பப்ஜி, ஃபிரீ ஃபயர் முதலாய விளையாட்டுக்கள் இளைஞரைக் கெடுக்கின்றனவா என்னும் பொருளில் வாதம் எழும்போதெல்லாம் இரு வேறு குற்றச்சாட்டுக்கள் ஒரே மூச்சில் கூறப்படுகின்றன. விளையாட்டிற் சுடுபவன் வாழ்விலும் சுடுவான் என்பது ஒன்று. விளையாட்டு மனிதனை அடிமைகொள்கின்றது என்பது மற்றையது. இவ்விரண்டும் ஒன்றல்ல. முந்நூற்றுநாலு ஆடி வயலையும் வளவையும் மறந்து இருந்தவரை ஊர் அறியும். அவர் எவரையும் சுட்டதில்லை. சுட்டவருட் பலரோ எந்த ஆட்டத்துக்கும் அடிமைப்பட்டவரல்லர். ஆதலின் இவற்றைப் பிரித்து நோக்குதலே முறை.

முதலாவது குற்றச்சாட்டு அமெரிக்காவில் வலுப்பெற்றது. 1999ஆம் ஆண்டு கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் பாடசாலையில் மாணவர் இருவர் தம் சக மாணவரையும் ஆசிரியர் ஒருவரையும் சுட்டுக் கொன்றனர். அவ்விருவரும் 'டூம்' என்னும் கணினி விளையாட்டில் ஈடுபட்டிருந்தமை தெரியவந்தபோது பழி முழுவதும் விளையாட்டின் தலையில் விழுந்தது. வன்முறை விளையாட்டுக்களைச் சிறுவர்க்கு விற்பதைக் கலிபோர்னியா மாநிலம் சட்டத்தால் தடுக்க முயன்றபோது 2011இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதெனத் தீர்த்தது. விளையாட்டுக்கும் உண்மையான வன்செயலுக்கும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்பது அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்ட நியாயங்களுள் ஒன்று. அமெரிக்க உளவியற் சங்கமும் 2020இல் தன் முன்னைய தீர்மானத்தைத் திருத்தி, வன்செயலை விளையாட்டின் விளைவாகக் காட்டப் போதிய சான்று இல்லை என்று கூறிற்று. ஜப்பானியர் இவ்விளையாட்டுக்களை ஆக்குவதிலும் ஆடுவதிலும் எவர்க்கும் பின்னிற்பவரல்லர். ஆயினும் அங்கே துவக்குச் சூட்டால் மாள்பவர் மிகச் சிலர். அந்நாட்டுச் சட்டம் துவக்கைக் குடிமகனின் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துள்ளது. 2022இல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே கொல்லப்பட்டபோது கொலையாளி தன் துவக்கைத் தன் கையாலேயே செய்துகொள்ள வேண்டியிருந்தது என்பது நினைக்கத்தக்கது.

இலங்கையில் 1916ஆம் ஆண்டு முதலே சுடுகலன்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் உண்டு. எனினும் போர் விட்டுச்சென்ற படைக்கலங்களும், படையை விட்டு ஓடியோரும், போதைப்பொருள் வணிகமும் ஒன்றுகூடியபோது அச்சட்டம் வலுவிழந்து நிற்கின்றது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆந் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தின் உள்ளேயே ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டத்தரணி வேடத்தில் வந்தவனுக்கு அத்துவக்கு உட்புறம் குடையப்பட்ட ஒரு புத்தகத்தினுள் வைத்துக் கொண்டுவரப்பட்டது. அதன் பின்னர் புத்தகங்களைத் தடைசெய்ய வேண்டுமென்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இவை யாவும் பிறர் கூறும் சான்றுகள். இவ்வினாவில் வன்னியே தன்னளவில் ஒரு சான்று. உலகின் பிற பகுதிகளில் இளைஞர் திரைக்கு முன்னமர்ந்து பொய்ப்பகைவரைச் சுட்டுக்கொண்டிருந்த 1990களில், வன்னியில் மின்சாரமே இருக்கவில்லை. மின்கலமும் எரிபொருளும் சீமெந்தும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயிருந்தன. ஈருருளியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. கணினி விளையாட்டு என்னும் சொல்லைக் கேட்டறியாத பிள்ளைகளின் கைகளிலேயே அன்று மெய்யான துவக்கு ஏறியது. 1998ஆம் ஆண்டு மே மாதம் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் பிரதிநிதி ஒலாரா ஒட்டுன்னு வன்னிக்கு வந்து, பதினெட்டு வயதுக்குட்பட்டோரைப் போரில் ஈடுபடுத்துவதில்லை என்னும் வாக்குறுதியை விடுதலைப் புலிகளிடம் பெற்றுச் சென்றார். 2003இல் அரசும் புலிகளும் யுனிசெப்பும் உடன்பட்ட செயற்றிட்டத்தின்படி கிளிநொச்சியில் விடுவிக்கப்படும் சிறுவர்க்கென இடைத்தங்கல் நிலையம் ஒன்றும் திறக்கப்பட்டது. வாக்குறுதி காக்கப்படவில்லை. இறுதி ஆண்டுகளில் வீட்டுக்கொருவர் என்னும் விதி வன்னியெங்கும் நிலவியது. பிள்ளையை ஒளித்துவைத்த தாயும், ஒளித்த இடத்திலிருந்து இழுத்துச்செல்லப்பட்ட பிள்ளையும் அம்மண்ணின் நினைவிலிருந்து நீங்கார். போர் முடிந்தபின் புனர்வாழ்வுக்கு உட்படுத்தப்பட்ட சிறுவர் போராளிகளின் தொகை 594 எனப் பதிவாகியுள்ளது.

அப்பிள்ளைகளைத் துவக்கிடம் கொண்டுசென்றது யாது? குண்டுவீச்சில் ஒரே நாளில் குடும்பத்தை இழந்த சினம் சிலரைக் கொண்டுசென்றது. பசி சிலரைக் கொண்டுசென்றது. இனத்துக்கு நேர்ந்த அநீதியை உண்மையாகவே உணர்ந்து சென்றோர் பலர். கையைப் பிடித்து இழுக்கப்பட்டோரும் பலர். விளையாட்டாகச் சென்றவர் எவருமிலர். பனைமட்டையைத் துவக்காக வளைத்து, ஒருவன் ஆமியாகவும் ஒருவன் இயக்கமாகவும் நின்று ஆடிய ஆட்டம் வன்னிச் சிறாரிடம் இருந்தது உண்மையே. எனினும் அவ்வாட்டம் போரைப் பெற்ற தாயன்று. போர் பெற்ற பிள்ளையே அது.

ஈண்டுத் தமிழ் பயில்வோர்க்குச் சங்கடம் தரும் ஒரு செய்தியையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. வன்முறையைக் கண்முன் காட்டுவதே குற்றமெனின் முதலில் தண்டனைக்குரியது புறத்திணையே. முதல் நாட் போரில் தமையனையும் மறுநாட் போரில் கணவனையும் இழந்த பெண்ணொருத்தி, மூன்றாம் நாள் தன் ஒரே மகனை, விளையாடும் பருவத்துச் சிறுவனை, தலைவாரி வேல் கொடுத்துப் போருக்கு விடுத்தாள் என ஒக்கூர் மாசாத்தியார் பாடினார். அதனை வீரத்தின் எல்லையெனப் போற்றியே தலைமுறை தலைமுறையாக வகுப்பறைகளிற் கற்பித்தும், பரீட்சைகளில் வினாவாக்கியும் வந்துள்ளனர். ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய அப்படிமம் ஒலிபெருக்கி கட்டிய மேடைகளில் ஏறியபோது, எந்தக் கணினி விளையாட்டும் செய்யவியலாத ஒன்றைச் செய்தது. அது புலவரின் பிழையன்று. அவர் பாடலில் வியப்போடு நடுக்கமும் உண்டு. அந்நடுக்கத்தை விட்டு வியப்பை மட்டும் மேடைக்குக் கொண்டுவந்தோர் பிழை அது. புலவரை விடுவித்து விளையாட்டை மட்டும் கூண்டிலேற்றுவோர் எந்த அளவுகோலால் அளக்கின்றனர் என்பதைத் தெளிவுபடுத்தல் வேண்டும்.

அளவுகோல் இதுவாகலாம். படிமமாயினும் பாடலாயினும் விளையாட்டாயினும், அதன் அருகே ஆள்திரட்டும் கை ஒன்று நிற்கின்றதா என நோக்குதல் வேண்டும். அமெரிக்க இராணுவம் 2002இல் 'அமெரிக்காஸ் ஆர்மி' என்னும் கணினி விளையாட்டைத் தானே ஆக்கி இலவசமாக வெளியிட்டது. இளைஞரைப் படைக்கு ஈர்ப்பதே அதன் நோக்கம். இருபது ஆண்டுகள் அது நடந்தது. மனிதன் மனிதனைச் சுடுவதற்கு இயல்பாகவே கூசுகின்றான், அக்கூச்சத்தைப் பழக்கத்தாலேயே படைகள் களைகின்றன என்று டேவ் குரொஸ்மன் என்னும் முன்னாள் படையதிகாரி 1995இல் எழுதினார். வீட்டுக்குள் ஆடும் விளையாட்டுக்களும் அதனையே செய்கின்றன என்று அவர் பின்னர் வாதாடியது மிகைக் கூற்றாகவே தோன்றுகின்றது. எனினும் அவர் தொட்ட இடம் பொய்யன்று. படை அருகிருப்பின் விளையாட்டுப் பயிற்சியாகின்றது. படை அருகில் இல்லாவிடின் விளையாட்டு விளையாட்டாகவே முடிகின்றது.

இனி அடிமைப்படுதல் பற்றிய குற்றச்சாட்டு. உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு மே மாதம் ஏற்று 2022 சனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு ஒரு நோயாக இடம்பெற்றுள்ளது. தன்னைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற கடமைகள் யாவற்றினும் விளையாட்டே முதன்மை பெறுதல், தீங்கு நேர்வதைக் கண்டும் விடாமை ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஓராண்டளவு நீடிப்பின் அது நோயெனக் கொள்ளப்படும். இரவிரவாக ஆடும் எல்லாப் பிள்ளையும் நோயாளியல்லன் என்பதும் இதனாற் பெறப்படும். இவ்வகைப்பாட்டையே மறுத்த அறிஞரும் உளர். மனச்சோர்வும் தனிமையும் உடையவன் விளையாட்டினுள் ஒளிந்துகொள்கின்றான், ஒளிந்த இடத்தை நோயென்று கூறி ஒளியச் செய்த காரணத்தை விட்டுவிடுதல் தகாது என்பது அவர் வாதம். வன்னியைப் பொறுத்தவரை இவ்வாதத்தை எளிதில் ஒதுக்குதல் அரிது.

மெய்யியல் நோக்கில் இது பழைய வினாவே. தீதென அறிந்தும் ஒருவன் அதனையே செய்வது எங்ஙனம்? அறிந்தவன் செய்யான், செய்பவன் உண்மையில் அறிந்திலன் என்பது சோக்கிரதீசர் கொள்கை. அரிஸ்டோட்டில் அதனை முற்றும் ஏற்காது, அறிவு இருந்தும் விருப்பின் முன் அது உறங்கிவிடும் நிலை உண்டென்றார். திருவள்ளுவர் கள்ளையும் சூதையும் அடுத்தடுத்த அதிகாரங்களில் வைத்து, அவற்றை ஒட்டியே மருந்து என்னும் அதிகாரத்தையும் அமைத்தமை ஊன்றி நோக்கத்தக்கது. இழக்க இழக்கச் சூதாடியின் விருப்பம் பெருகுகின்றது என்று அவர் கண்டது இருபதாம் நூற்றாண்டில் ஆய்வுகூடத்திலும் காணப்பட்டது. தவறாது கிடைக்கும் இரைக்காகப் பொறியைக் கொத்தும் புறாவினும், எப்போது கிடைக்குமெனத் தெரியாத இரைக்காகக் கொத்தும் புறாவே ஓயாது கொத்துகின்றது என பி. எஃப். ஸ்கின்னர் காட்டினார். இன்றைய விளையாட்டுக்கள் இவ்வுண்மையை அறிந்தே ஆக்கப்படுகின்றன. ஃபிரீ ஃபயரில் 'வைரம்' கொடுத்துத் திறக்கும் பெட்டியினுள் யாது இருக்குமென எவர்க்கும் தெரியாது. அவ்வைரமோ மெய்ப்பணத்துக்கு விற்கப்படுவது. இத்தகைய பெட்டிகளைச் சூதென்றே பெல்ஜியம் 2018இல் அறிவித்தது. ஆகவே பிள்ளையின் மனவுறுதி ஒருபுறமும், அவ்வுறுதியை உடைப்பதையே தொழிலாகக் கொண்ட பெருநிறுவனம் மறுபுறமுமாக நடக்கும் போட்டியில், தோற்ற பிள்ளையை மட்டும் ஏசுவது நீதியாகாது.

அரசுகள் தடையை நாடின. தென் கொரியா 2011இல் பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவுக்குப் பின் இணையவழி ஆடுதலைத் தடுத்து, பத்தாண்டின் பின் அச்சட்டத்தைக் கைவிட்டது. சீனா 2021இல் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் ஒரு மணி நேரம் என வரையறுத்தது. இந்தியா 2020இல் பப்ஜியையும் 2022இல் ஃபிரீ ஃபயரையும் தடைசெய்தபோது காட்டிய காரணம் நாட்டின் பாதுகாப்பேயன்றிப் பிள்ளைகளின் நலனன்று. பெற்றோர் பலர் அவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாது மகிழ்ந்தனர். மறு ஆண்டே பப்ஜி வேறு பெயரில் இந்தியாவுக்கு மீண்டது.

வன்னியின் பல வீடுகளுக்குத் திறன்பேசி கல்விக்காகவே வந்தது. 2020இல் கொரோனாத் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடம் தொலைபேசிவழி வரத் தொடங்கியபோது, கடன்பட்டும் நகை அடகுவைத்தும் பெற்றோர் அதனை வாங்கினர். பாடத்தோடு விளையாட்டும் வந்தது. பெற்றோருள் ஒருவர் போரில் இறந்தோ காணாமலாக்கப்பட்டோ போக, மற்றவர் விடிகாலையிற் கூலிக்குச் சென்று இருளில் மீளும் வீட்டில், அத்திரை பிள்ளைக்குத் தோழனுமாயிற்று, காவலனுமாயிற்று. அதனைப் பறிப்பின் அவ்விடத்தில் எதை வைப்பது என்பதற்கு விடையில்லாதோரே பெரும்பாலும் பறிக்கச் சொல்கின்றனர்.

இதுவரை கூறியவற்றால் விளையாட்டு வன்னியில் முற்றும் குற்றமற்றதென்று கொள்ளுதல் பொருந்தாது. அதன்மேற் கூறப்படும் குற்றச்சாட்டு தவறானதேயன்றி, குற்றமே இல்லையென்பதன்று.

பப்ஜியில் நூறு பேர் ஒரு தீவில் இறங்குகின்றனர். ஃபிரீ ஃபயரில் ஐம்பது பேர். இறங்கியபின் திரையில் ஒரு வட்டம் தோன்றும். வட்டத்தினுள் இருப்போர்க்கே வாழ்வு. வெளியே நிற்பவன் சிறுகச் சிறுக மடிவான். சிறிது நேரத்தில் வட்டம் சுருங்கும், மீண்டும் சுருங்கும். கடைசியில் ஒரு முற்றத்தளவே எஞ்சும். அவ்வட்டத்துக்குப் பாதுகாப்பு வலயம் என்று பெயர்.

இச்சொல்லை வன்னி மக்கள் விளையாட்டிற் கற்கவில்லை. 2009ஆம் ஆண்டு சனவரி மாதம் 21ஆந் திகதியளவில் உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம் ஆகிய இடங்களை அடக்கி, ஏறத்தாழ 35 சதுர கிலோமீற்றர் பரப்பைப் பாதுகாப்பு வலயமென அரசு அறிவித்தது. பெப்ரவரி 12இல் அது புதுமாத்தளன் முதலான கடற்கரை ஒடுக்கத்துக்கு மாற்றப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 14 சதுர கிலோமீற்றர். மே மாதம் 8ஆந் திகதி மூன்றாம் முறையாக அறிவிக்கப்பட்டபோது எஞ்சியது ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீற்றரே. அவ்வலயங்களினுள் எறிகணைகள் வீழ்ந்தமையையும், வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் சுட்டுத் தடுத்தமையையும் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் அறிக்கையிட்டது. சுருங்கும் வட்டத்தினுள் ஓடிய அம்மக்களின் பிள்ளைகளே இன்று சுருங்கும் வட்டத்தை விளையாட்டாக ஆடுகின்றனர்.

விளையாட்டை ஆக்கியோர் முள்ளிவாய்க்காலை அறிந்து அதனை ஆக்கினாரல்லர். ஆடும் பிள்ளைகளும் தம் தாயரை இகழ்வதற்காக ஆடினாரல்லர். அறியாமையிற் செய்தது குற்றமாகாது என்பர். ஆயின் அவ்வறியாமை எங்கிருந்து வந்தது? போரைக் கண்ட தலைமுறை வாய் திறப்பதில்லை. சொன்னால் பிள்ளைக்குப் பழியுணர்வு மூளுமென்ற அச்சம் சிலர்க்கு. சொன்னால் ஆபத்து வருமென்ற அச்சம் பலர்க்கு. சொல்லச் சொற்களே இல்லாத நிலை இன்னும் பலர்க்கு. அம்மௌனத்தைக் குறைகூறுதல் எளிது, அதன் உள்ளே வாழ்தல் அரிது. எனினும், விளையாட்டுக்கு அடிமையாதல் பற்றி மேடையிட்டுப் பேசும் பெரியோர் அம்மௌனத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதிருத்தல், நோயை விட்டு நிழலுக்கு மருந்திடுதலையே ஒக்கும்.

ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பணிக்குச் சென்ற பெண்கள் பலர். அவருள் கணவனைப் போரில் இழந்தோர் உளர். மண்டியிட்டு, முகக்கவசம் அணிந்து, மண்ணை விரலளவு விரலளவாகச் சுரண்டிச் சுரண்டி நாளொன்றுக்குச் சில அடி நிலத்தை மீட்கும் தொழில் அது. அத்தகைய தாயொருத்தி மாலையில் வீடு திரும்புகின்றாள். புதுமாத்தளனில் கைக்குழந்தையாயிருந்த மகன் இன்று உயர்தர வகுப்பு மாணவன். திண்ணையிற் சாய்ந்து திரையிற் சுட்டுக்கொண்டிருக்கின்றான். அவள் கூலியில் வாங்கிய தொலைபேசி அது. வெடியோசை கேட்டு அவள் தோள் ஒருமுறை அதிர்கின்றது. அவன் கவனித்தானல்லன். ஏசுவதற்கு வாயெடுத்தவள் ஏனோ அருகே வந்து எட்டிப் பார்க்கின்றாள். வட்டம் சுருங்கிக்கொண்டிருக்கின்றது.

"உந்த வட்டத்துக்குள்ளை இருக்கிற சனம் என்ன செய்யும் தம்பி?" என்று அவள் கேட்கக்கூடும்.

"இதுக்குள்ளை சனம் இல்லையம்மா. எல்லாரும் துவக்கு வைச்சிருக்கிற ஆக்கள்தான்" என்பான் அவன்.

அவன் கூறியது உண்மை. அவ்விளையாட்டின் உலகில் துவக்கில்லாத மனிதன் என்று ஒருவன் இல்லை. தண்ணீருக்கு வரிசையில் நின்றவர் இல்லை, கஞ்சிக்கு நின்றவர் இல்லை, பங்கருக்குள் பிள்ளையின் வாயைப் பொத்திக் கிடந்தவள் இல்லை. இருப்போர் அனைவரும் சுடுவோரும் சுடப்படுவோருமாதலின் அங்கே எவரும் கொலையுண்பதில்லை, தோற்பது மட்டுமே உண்டு. விளையாட்டு அவனைக் கொலைஞனாக்கவில்லை. அப்படிப்பட்ட ஓர் உலகம் இருக்கக்கூடுமென்று மட்டும் அவனைப் பழக்கியுள்ளது.

அவள் மறுமொழி கூறாது அடுப்படிக்குச் செல்லவும் கூடும். அன்றி, திண்ணையில் அமர்ந்து, அந்த இரண்டாவது வலயத்தில் எந்தப் பனையின் கீழ் வெட்டிய பங்கரில் அவனை வைத்திருந்தாள் என்பதை முதன்முறையாகச் சொல்லத் தொடங்கவும் கூடும்.